கணிதச் சார்பும் கணிப்பொறிச் சர்வரும்

“கணிதம் படித்து என்ன செய்யப் போகிறாய்? கணிப்பொறி எடுத்திருந்தால் கைமேல் வேலையாயிற்றே!”

பி.எஸ்ஸி. கணிதம் பயிலும் மாணவர் எவரும் இந்தக் கேள்வியைக் கேளாமல் தம் மூன்று ஆண்டுகளைக் கடந்திருக்க முடியாது. ஊரில் உறவினர் கேட்கிறார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கிறார். ஏன், அடுத்த வகுப்பு நண்பர்களே கேட்கிறார்கள். கேட்பவர்கள் நம் நலம் நாடுவோர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கேள்விக்குள் ஓர் எண்ணம் ஒளிந்து கிடக்கிறது. கணிதம் வேறு, கணிப்பொறி வேறு. முன்னது தாளோடு முடிவது, பின்னது சம்பளத்தில் முடிவது என்பதே அந்த எண்ணம்.

இறுதியாண்டுக் கணித மாணவன் என்ற முறையில் இவ்வெண்ணத்தை நான் மறுக்கிறேன். வெறும் வாய்ப்பேச்சாக மறுக்காமல், ஒரு வரலாற்றைச் சான்றாக வைத்து மறுக்க விரும்புகிறேன். இணையம் தவழ்ந்து நடைபழகிய நாள்களில், அதன் அடிப்படைக் கருவியான வெப் சர்வரைச் சிலர், சார்பு என்னும் கணிதக் கருத்தின்மீது எழுந்த மொழிகளில் எழுதினார்கள். அவர்கள் சந்தையில் முதலிடம் பெறவில்லை. ஆயினும் அவர்கள் கையாண்ட கருத்துகள் இன்று உலகெங்கும் ஆளப்படுகின்றன. நாம் அதிகம் பேசாத அந்தக் கதையை இங்கே சொல்லி, அதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் எது என்பது பற்றிய என் கருத்தையும் முன்வைக்கிறேன்.

சர்வர் என்பவர் யார்?

சர்வர் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர், தோளில் துண்டோடு மேசையருகே வந்து “என்ன வேணும் சார்?” என்று கேட்கும் ஓட்டல் சர்வர்தான். கணிப்பொறி உலகின் சர்வரும் அவருக்கு உடன்பிறப்பே. நாம் கைப்பேசியில் ஒரு முகவரியைத் தட்டுகிறோம். அது ஒரு வேண்டுகோளாக எங்கோ உள்ள ஒரு கணிப்பொறிக்குச் செல்கிறது. அங்கே காத்துக் கிடக்கும் ஒரு நிரல், நாம் கேட்டதை எடுத்து அனுப்புகிறது. அந்த நிரலே வெப் சர்வர்.

ஜெனிவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1990ஆம் ஆண்டின் இறுதியில் இயக்கியதே உலகின் முதல் வெப் சர்வர். பின்னர் 1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. நிலையத்தில் ஒரு சர்வர் எழுதப்பட்டது. அதன் வழித்தோன்றலாக 1995இல் அப்பாச்சி பிறந்தது. இவை சி மொழி மரபில் வந்தவை. சி மொழி பொறியின் மொழிக்கு மிக நெருக்கமானது. “இந்த அறையில் இந்த எண்ணை வை, அந்த அறையிலிருந்து அதை எடு, இரண்டையும் கூட்டு” என்று ஏவல் மேல் ஏவலாக இட்டுச் செல்வது அதன் இயல்பு.

இப்போது கணித வகுப்புக்கு வருவோம். சார்பு என்றால் என்ன? சார்பகத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் துணைச் சார்பகத்தில் ஒரே ஒரு நிழல் உரு இருக்குமாறு அமைந்த உறவு. பள்ளியிலேயே இதை நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். வெப் சர்வர் செய்யும் வேலையை இந்த இலக்கணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேண்டுகோள்களின் கணம் சார்பகம். மறுமொழிகளின் கணம் துணைச் சார்பகம். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு மறுமொழி. அப்படியானால் வெப் சர்வர் என்பது ஒரு சார்பு அன்றோ? “நாளேட்டின் பக்கம் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் வருகிறதே, ஓர் உறுப்புக்கு இரண்டு நிழல் உரு ஆகாதா?” என்று நுட்பம் அறிந்த நண்பர் கேட்கலாம். அந்த நேரத்துச் செய்தித் தொகுப்பையும் சார்பின் இன்னொரு மாறியாகச் சேர்த்துக்கொண்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும். மேலும், ஹெச்.டி.டி.பி. என்னும் வலை நெறிமுறையே ஒவ்வொரு வேண்டுகோளையும் முந்தையதை நினையாமல் தனித்து நிற்பதாகத்தான் அமைத்தது. இத்தனை இயல்பாகச் சார்பின் வடிவில் அமைந்த ஒரு வேலையைச் சார்புவழி மொழியில் எழுதலாமே என்று சிலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

க = க + 1 என்னும் புதிர்

கணிதம் மட்டுமே அறிந்தவன் முதன்முதலாக ஒரு நிரலைப் பார்க்கும்போது திகைக்கும் இடம் ஒன்று உண்டு. “க = க + 1” என்று அதில் எழுதியிருக்கும். இருபுறமும் க-வை நீக்கினால் 0 = 1 என்றாகிறது! நிரலாளர் அதைச் சமன்பாடாகக் கொள்வதில்லை. க என்ற பெட்டியில் உள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டி அதே பெட்டியில் திரும்ப வை என்பது பொருள். ஒருவர் மட்டும் பெட்டியைத் தொடும்வரை இதில் தீங்கில்லை.

ஆனால் வெப் சர்வரின் நிலைமை அப்படிப்பட்டதன்று. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வேண்டுகோள் விடுக்கிறார்கள். ஓட்டலில் இரண்டு சர்வர்கள் ஒரே சிலேட்டில் கணக்கெழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சிலேட்டில் 5 இட்டிலி என்றிருக்கிறது. இருவரும் ஒரே கணத்தில் 5-ஐப் படிக்கிறார்கள். இருவரும் தத்தம் மேசைக்கு ஒன்றைக் கூட்டி 6 என்று எழுதுகிறார்கள். ஏழாக இருக்க வேண்டியது ஆறாயிற்று. ஓர் இட்டிலியின் காசு போயிற்று! இதைத் தடுக்கச் சிலேட்டுக்குப் பூட்டுப் போடலாம். ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திருப்பார். ஆனால் சிலேட்டைப் பிடித்தவர் பேனாவுக்கும், பேனாவைப் பிடித்தவர் சிலேட்டுக்கும் காத்து நின்றால் இருவரும் நின்றது நின்றபடியே. இவ்விரு தொல்லைகளும் நிரலாளரின் தூக்கத்தைக் கெடுப்பவை. சோதனையின்போது தலைகாட்டாமல், கூட்டம் நெருக்கும் நாளில் வெளிப்படுபவை.

சார்புவழி மொழிகள் இதற்குக் கணிதத்தின் மருந்தையே தருகின்றன. ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் அதை மாற்றாதே! மாறாத ஒன்றை ஆயிரம் பேர் படித்தாலும் குழப்பம் நேராது. இக்கருத்தின் வேர் 1930களில் அலான்சோ சர்ச் என்னும் தர்க்கவியல் அறிஞர் வகுத்த லாம்டா கணிதத்தில் உள்ளது. அப்போது மின்னணுக் கணிப்பொறி பிறக்கவே இல்லை. 1958இல் ஜான் மெக்கார்த்தி, லிஸ்ப் என்னும் மொழியை வகுக்கத் தொடங்கினார். லிஸ்ப் மாற்றத்தை முற்றும் விலக்கிய தூய மொழி அன்று. ஆயினும் சார்பையும் ஒரு பண்டமாகக் கையில் எடுத்து, பிறருக்குக் கொடுத்து, திரும்பப் பெறலாம் என்று காட்டியது. ஃபோர்ட்ரான் மொழியை 1957இல் உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பாக்கஸ், 1977இல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில், ஏவல் மொழிகளின் பிடியிலிருந்து நிரலாக்கத்தை விடுவிக்க முடியுமா என்ற கேள்வியை எழுப்பிச் சார்புவழியைப் பரிந்துரைத்தார். தான் வளர்த்த பிள்ளையின் குறையைத் தானே ஊரறியச் சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

1994: ஜெனிவாவில் ஒரு புதுமை

உலகளாவிய வலை பற்றிய முதல் அனைத்துலக மாநாடு 1994 மே மாதத்தில் ஜெனிவாவில் நடைபெற்றது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் மாலரி, காமன் லிஸ்ப் மொழியில் தாம் எழுதிய சர்வரை அம்மாநாட்டுக்கான கட்டுரையில் விளக்கினார். சி.எல்.-ஹெச்.டி.டி.பி. என்பது அதன் பெயர்.

அதன் அருமையை உணர, அன்று மற்ற சர்வர்கள் எப்படி இயங்கின என்பதை அறிய வேண்டும். ஏற்கெனவே எழுதி வைத்த பக்கத்தை எடுத்து அனுப்புவது அவற்றுக்கு எளிது. கேட்பவருக்கேற்பப் பக்கத்தை அப்போதே சமைத்துத் தர வேண்டுமானால், சி.ஜி.ஐ. என்ற முறைப்படி ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு புதிய நிரலைத் தொடங்கி, அது முடிந்ததும் அதைக் கலைத்துவிடுவார்கள். ஒவ்வொரு தோசைக்கும் ஓர் அடுப்பை மூட்டி, தோசை வெந்ததும் அடுப்பை இடித்துவிடுவது போன்றது இது! மாலரியின் சர்வரிலோ அடுப்பு எப்போதும் எரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முகவரியோடும் ஒரு லிஸ்ப் சார்பு இணைக்கப்பட்டது. முகவரி கேட்கப்பட்டதும் அச்சார்பு கணக்கிட்டு மறுமொழி தரும். சர்வரை நிறுத்தாமலேயே ஒரு சார்பைத் திருத்தி எழுதலாம். அடுத்த வேண்டுகோள் புதிய சார்புக்குப் போகும். இதே ஆய்வுக் குழுவினர் வெள்ளை மாளிகையின் ஆவணங்களை மின்வழி வழங்கும் பணியையும், 1994 டிசம்பரில் அமெரிக்க அரசின் நிர்வாகச் சீரமைப்புப் பற்றி நடந்த திறந்த மின்கூட்டத்தையும் இக்கருவிகளைக் கொண்டு நடத்தினார்கள். ஆய்வகத்துக்குள் சுழன்ற பொம்மையாக அது நின்றுவிடவில்லை.

பின் ஏன் அது பரவவில்லை? அது முதலில் வளர்ந்தது சிம்பாலிக்ஸ் என்னும் லிஸ்ப் பொறியில். அப்பொறிகள் விலை மிகுந்தவை. அவற்றைச் செய்த நிறுவனமும் அப்போதே நலிந்துகொண்டிருந்தது. பிற பொறிகளுக்கும் சர்வர் பின்னர்க் கொண்டுசெல்லப்பட்டது உண்மையே. ஆயினும் மலிவான கணிப்பொறியில், இலவசமாகக் கிடைத்த சி மொழிச் சர்வர் ஓடியது. அதை அறிந்த ஆள்களும் எங்கும் கிடைத்தார்கள். நல்ல சரக்கு என்பதால் மட்டும் கடையில் கூட்டம் சேர்ந்துவிடாது என்பதற்கு இது ஒரு சான்று.

பின்னால் போகும் பொத்தான்

1995இல் பால் கிரகாம், ராபர்ட் மோரிஸ் ஆகியோர் வயாவெப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். வணிகர்கள் தங்கள் இணையக் கடையை உலாவியின் வழியாகவே தாங்களே கட்டிக்கொள்ள உதவும் மென்பொருள் அது. அதன் முக்கியப் பகுதி காமன் லிஸ்பில் எழுதப்பட்டது. இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. உலாவியில் பின்னால் போகும் பொத்தான் ஒன்று உண்டு. பயனர் நான்காம் படியில் இருக்கும்போது திடீரென இரண்டாம் படிக்குத் திரும்பிவிடலாம். அல்லது இரண்டு சாளரங்களைத் திறந்து வைத்து இரண்டு ஊர்களுக்கான பயணச்சீட்டுகளை மாறிமாறிப் பார்க்கலாம். “இப்போது இவர் பார்ப்பது எந்த ஊர்” என்பதைச் சர்வர் ஒரே பெட்டியில் எழுதி வைத்திருந்தால், ஒரு சாளரத்தில் பார்த்த ஊருக்குப் பதில் மறுசாளரத்து ஊருக்குச் சீட்டு விழுந்துவிடும். க = க + 1 மீண்டும் தன் வேலையைக் காட்டுகிறது!

வயாவெப் இதற்குச் சார்பையே கருவியாகக் கொண்டது. அடுத்துச் செய்ய வேண்டிய வேலையை, அதற்கு வேண்டிய மதிப்புகளோடு சேர்த்து மூட்டை கட்டி, பக்கத்தில் உள்ள இணைப்போடு பொருத்திவிடுவது அம்முறை. எந்த இணைப்பைத் தட்டினாலும் அதற்குரிய மூட்டை அவிழும். பாரிசைச் சேர்ந்த கிறிஸ்தியான் கெனெக் 2000இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது. “கணக்கின் மிச்சப் பகுதி” என்று பொருள்படும் ஒரு பழைய லாம்டா கருத்தே வெப் சர்வரின் இச்சிக்கலுக்கு ஏற்ற விடை என்று அவர் காட்டினார். ஸ்கீம் மொழியை வளர்த்த மத்தியாஸ் ஃபெலைசன், ஸ்ரீராம் கிருஷ்ணமூர்த்தி முதலியோரும் 2001இல் அதே வழியில் சென்றனர். வயாவெப் நிறுவனத்தை 1998இல் யாஹூ ஏறத்தாழ 49 மில்லியன் டாலர் மதிப்புக்கு வாங்கியது. பிற்பாடு அந்த மென்பொருள் வேறு மொழிகளில் திருப்பி எழுதப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இதே 2000ஆம் ஆண்டில் சைமன் மார்லோ, ஹாஸ்கெல் என்னும் தூய சார்புவழி மொழியில் ஒரு வெப் சர்வரை எழுதி ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்நிரல் 1500 வரிகளுக்கும் குறைவு. தூய கணித மொழி ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது என்று நகைத்தவர்களுக்கு அது தக்க மறுமொழியாயிற்று.

தொலைபேசி நிலையத்திலிருந்து வந்த பாடம்

இவ்வரலாற்றில் என் நெஞ்சை மிகவும் கவர்ந்தது ஸ்வீடன் நாட்டுக் கதை. ஸ்டாக்ஹோமில் உள்ள எரிக்சன் நிறுவனத்தின் கணிப்பொறி ஆய்வகத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் 1986 முதல் எர்லாங் என்னும் மொழியை உருவாக்கினர். தொலைபேசி அழைப்புகளின் நெரிசலைக் கணிதத்தால் அளந்த டென்மார்க் அறிஞர் அக்னர் எர்லாங்கின் பெயர் அது. தொலைபேசி இணைப்பகத்துக்கான நிரலே அவர்களுடைய குறி. அங்கே ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் பேசுவார்கள். ஒருவருடைய அழைப்பில் கோளாறு நேர்ந்தால் மற்றவர் பேச்சு அறுந்துவிடக் கூடாது. திருத்தம் செய்வதற்காக இணைப்பகத்தை நிறுத்தவும் கூடாது.

எர்லாங் தந்த தீர்வை மீண்டும் ஓட்டலைக் கொண்டே விளக்குகிறேன். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு சர்வர். பொதுச் சிலேட்டு கிடையாது. ஒவ்வொருவர் கையிலும் தம் குறிப்பு மட்டுமே. ஒருவர் மற்றவருக்கு ஏதேனும் சொல்ல வேண்டுமானால் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார். ஒரு சர்வர் மயங்கி விழுந்தால், அவரைத் தாங்கிப் பிடித்து எப்படியாவது வேலையைத் தொடரச் செய்ய யாரும் முயல்வதில்லை. மேற்பார்வையாளர் அதைக் கண்டு, உடனே அந்த மேசைக்குப் புதிய ஒருவரை அனுப்புவார். மற்ற மேசைகளில் உண்போர் ஏதும் அறியார். “விழுவதானால் விழட்டும், ஆனால் அடுத்தவன்மேல் விழ வேண்டா, எழுப்பி நிறுத்த ஓர் ஆள் இருக்கட்டும்” என்பதே எர்லாங்கின் கொள்கை. தவறே செய்யாத நிரலை எழுதிவிடலாம் என்ற இறுமாப்பு அதில் இல்லை. தவறு நேரும் என்று ஒப்புக்கொண்டு, அது பரவாமல் தடுக்கும் அடக்கம் இருக்கிறது.

இத்தகைய மொழிக்கு நேர்ந்தது என்ன? 1998இல் அதே குழுமத்தின் ஒரு பிரிவான எரிக்சன் ரேடியோ, புதிய படைப்புகளில் எர்லாங்கைப் பயன்படுத்தத் தடை விதித்தது. உலகில் பலரும் ஆளும் மொழிகளே போதும் என்பது நிர்வாகத்தின் நினைப்பு. அதே ஆண்டு டிசம்பரில் மொழியின் மூல நிரல் யாவருக்கும் திறந்துவிடப்பட்டது. அதை ஆக்கியோருள் பலர் விலகி, புளூடெயில் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். கதவு ஒன்று அடைபட்டது. ஆனால் அதனாலேயே மொழி ஊருக்குப் பொதுவாயிற்று!

4,000 பெரிதா, 80,000 பெரிதா?

அந்தக் குழுவினருள் ஒருவரான கிளாஸ் விக்ஸ்ட்ரோம் 2000களின் தொடக்கத்தில் எர்லாங்கில் ஒரு வெப் சர்வர் எழுதினார். “இன்னும் ஒரு வெப் சர்வர்” என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து யாஸ் என்று பெயரிட்டார். 2002இல் அதையும் அன்றைய அப்பாச்சியையும் 16 கணிப்பொறிகள் கொண்ட ஒரு தொகுதியில் வைத்துச் சோதித்தனர். ஒரே நேரத்து இணைப்புகள் ஏறத்தாழ 4,000ஐ எட்டியதும் அப்பாச்சி நின்றுபோயிற்று. யாஸ் 80,000ஐத் தாண்டியும் மறுமொழி தந்துகொண்டிருந்தது.

இந்த எண்களைக் கொண்டு நாம் கூத்தாட வேண்டியதில்லை. சோதித்தவர்கள் எர்லாங் அன்பர்கள். சோதனையும் ஏராளமான இணைப்புகளை மெதுவாகப் பிடித்து வைத்திருக்கும் ஒரு வகை நெருக்கடி மட்டுமே. அன்றைய அப்பாச்சி ஒவ்வோர் இணைப்புக்கும் இயக்கமுறைமையின் கனமான பிராசஸ் அல்லது திரெட் ஒன்றைக் கொடுத்தது. எர்லாங்கின் பிராசஸ் இயக்கமுறைமைக்குத் தெரியாத, சில கிலோபைட் இடத்தில் அடங்கும் சிறு குருவி. சிறிய கூண்டில் யானைகளைவிடக் குருவிகள் அதிகம் தங்கும், இதுதான் செய்தி. ஆனால் குருவிகளை இவ்வளவு நம்பி வேலையை ஒப்படைக்க முடிந்ததற்குக் காரணம், அவை ஒன்றன் நினைவை மற்றது தொடாமையே. அது சார்புவழிக் கருத்தின் கொடை.

2009இல் தொடங்கிய வாட்ஸ்அப் நிறுவனம் தன் சர்வர்களை எர்லாங்கிலேயே கட்டியது. 2012இல் ஒரே சர்வர் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்குவதாக அது அறிவித்தது. 2014இல் 19 பில்லியன் டாலருக்கு ஃபேஸ்புக் அதை வாங்க முன்வந்தபோது, 45 கோடிப் பயனர்களுக்கு ஏறத்தாழ 32 பொறியாளர்களே இருந்தனர். நம் வகுப்பில் அமரும் மாணவர் தொகைக்கும் குறைவு! நாம் நாள்தோறும் அனுப்பும் காலை வணக்கப் படங்களுக்குப் பின்னால் லாம்டா கணிதத்தின் நிழல் படிந்திருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

மறுப்புகளும் என் மறுமொழியும்

“சி மொழியிலும் அதே திறனை எட்டிவிட்டார்களே?” என்று கேட்கலாம். உண்மைதான். 2004இல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் சி மொழியில் எழுதப்பட்டது. பல்லாயிரம் இணைப்புகளை எளிதில் தாங்கியது. ஃபேஸ்புக்கின் உரையாடல் வசதி 2008இல் எர்லாங்கில் தொடங்கிப் பின்னர் வேறு மொழிக்கு மாறியது. ஆகவே, சார்புவழி மொழி ஒன்றே வழி என்று நான் வாதிடவில்லை. என் வாதம் வேறு. மொழிகள் தோற்றாலும் கருத்துகள் தோற்கவில்லை. பயனற்ற நினைவகத்தைத் தானே திரட்டி மீட்கும் முறை லிஸ்போடு பிறந்தது. ஜாவா அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. ஸ்கீம் மொழியை உலாவிக்குள் கொண்டுவரும் எண்ணத்தோடு 1995இல் பணிக்கு அழைக்கப்பட்டவரே ஜாவாஸ்கிரிப்டை ஆக்கிய பிரெண்டன் ஐக். 2014இல் ஜாவாவே தன் எட்டாம் பதிப்பில் லாம்டாவுக்கு வாசல் திறந்துவிட்டது. சந்தையில் விலைபோகாத விதை, அடுத்த வயலில் முளைத்திருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. “ஐயா, எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அப்பாவின் கடன் நிற்கிறது. நேர்முகத் தேர்வில் கேட்பது ஜாவாவும் பைத்தானும். நீங்கள் சொல்லும் லிஸ்பும் எர்லாங்கும் சோறு போடுமா?” இக்கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். நம்மைப் போன்ற அரசுக் கல்லூரி மாணவருக்கு வேலை என்பது ஆடம்பரம் அன்று. அடுப்பு எரிவது அதனால்தான். எனவே சந்தை கேட்கும் மொழியைக் கற்காதீர்கள் என்று எவர் சொன்னாலும் அவர் நமக்கு நண்பர் அல்லர்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சந்தை இன்று கேட்கும் மொழியை நாளையும் கேட்கும் என்பதற்கு எவர் உறுதி தருவார்? மொழி மாறும்போது தடுமாறாமல் நிற்பவர் யார்? சொற்களை மட்டும் மனப்பாடம் செய்தவரா, அல்லது அடியில் உள்ள கருத்தைப் பிடித்தவரா? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வேலையை இழந்தால் இன்னொரு பயிற்சிக்குப் பணம் கட்டிச் சேர்ந்துகொள்வான். நமக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே, பழையதாகாத அறிவு பிறரைக் காட்டிலும் நமக்கே அதிகம் தேவை. அடிப்படை என்பது வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு, நமக்கு வேலைப் பயிற்சி மட்டும் போதும் என்று யாரேனும் சொன்னால், அதில் கரிசனத்தைவிட நம்மைக் குறைத்து மதிப்பிடும் போக்கே மிகுதி என்பது என் கருத்து.

நாம் செய்யக் கூடியவை

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான் மேலே குறிப்பிட்ட மொழிகளுள் எர்லாங், ஹாஸ்கெல், காமன் லிஸ்ப், ஸ்கீம் ஆகிய அனைத்தும் காசில்லாமல் கிடைக்கின்றன. பழைய கணிப்பொறியிலும் ஓடுகின்றன. கணிதத் துறையும் கணிப்பொறித் துறையும் இணைந்து, வாரம் ஒரு மாலை கூடும் ஒரு சிறு மன்றத்தை அமைக்கலாம். கணித மாணவர் சார்பையும் தொடர் வரையறையையும் விளக்கட்டும். கணிப்பொறி மாணவர் வலைப் பின்னலின் இயக்கத்தை விளக்கட்டும். ஆண்டு முடிவதற்குள் இருவரும் சேர்ந்து ஒரு சின்னஞ்சிறு வெப் சர்வரை எழுதிப் பார்க்கட்டும். நூலகத்தின் நூற்பட்டியலையோ தேர்வுக் கால அட்டவணையையோ அது வழங்கினால் போதும். ஓடும் சர்வரின் ஒரு பிராசஸை வேண்டுமென்றே வீழ்த்தி, மேற்பார்வைப் பிராசஸ் அதை எழுப்பும் காட்சியை ஒருமுறை கண்டவர், பிழை என்பதைப் பற்றி முன்போல எண்ண மாட்டார்.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்குப் பழைய பணிகளையே பெயர் மாற்றி ஒப்படைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு என்பதை நாம் அறிவோம். அதற்கு மாறாக, இத்தகைய முயற்சிகளை ஏற்றுப் பாராட்டுமாறு நம் பேராசிரியப் பெருமக்களைப் பணிவோடு வேண்டுகிறேன். வெற்றி பெறாத முயற்சியும், ஏன் வெற்றி பெறவில்லை என்று விளக்கப்பட்டால், மதிப்பெண்ணுக்கு உரியதே.

அலான்சோ சர்ச் லாம்டாவை வகுத்தபோது எந்த நிறுவனமும் அதைக் கேட்கவில்லை. எர்லாங்கை அதன் தாய்வீடே ஒரு காலத்தில் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. இருந்தும் அவை நிலைத்தன. எனவே கணிதத் துறைத் தோழர்களே, “கணிதம் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்று யாரேனும் கேட்டால் தலைகுனிய வேண்டா. கணிப்பொறித் துறைத் தோழர்களே, பக்கத்துக் கட்டடத்தின் கரும்பலகையில் எழுதப்படுவது உங்கள் பாடமுமாகும். இரு கட்டடங்களுக்கும் நடுவே உள்ள தூரம் நூறு அடிதான். நடந்து கடக்கலாம், வாருங்கள்!